அந்த முட்டை எப்போது உருவானது?

“பப்பாளியைத் தின்னுட்டாளோ என்னமோ டாக்டர், சொல்லுத பேச்சைக் கேக்க மாட்டா.” அம்பாசமுத்திரத்திலிருந்து மகளைக் கூட்டி வந்த அம்மா சொன்னார். மகளுக்கு 38 வயது. ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்திருந்தது. கருத்திசுப் பரிசோதனையில் 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள். 16ஆம் குரோமோசோமில் ஒன்று கூடுதல்.

“இந்த முட்டை எப்ப உருவாச்சு தெரியுமாம்மா? நீங்க இவங்களைச் சுமந்தப்போ” என்றேன். கிண்டல் இல்லை. பெண்ணின் முட்டைகள் எல்லாமே அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, குரோமோசோம் பிரிவினையைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. மீதி வேலை, அந்த முட்டையின் முறை வரும் மாதத்தில்தான். ஆக, இந்த முட்டை 38 வருஷம் காத்திருந்தது.

அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்ற வளையப் புரதம். எலிகளில் பார்த்தவரை, முதலில் மாட்டிய வளையம்தான் கடைசி வரைக்கும். முட்டை புதிதாக மாட்டிக்கொள்வதில்லை. வயது ஏற ஏற அது குறைகிறது. பிரிய வேண்டிய நேரத்தில் செப்பரேஸ் என்ற புரதம் வளையத்தை வெட்டும். முந்திக்கொண்டு வெட்டாமல் அதைக் கட்டிப்போடுவது செக்யூரின். முதல் பிரிவினையில் குரோமோசோமின் இடுப்புப் பகுதியை மட்டும் வெட்டவிடாமல் நிற்பது ஷுகோஷின். ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். நம் பக்கத்தில் கண்டுபிடித்திருந்தால் சுடலைமாடன் என்றே பெயர் வைத்திருப்பார்கள். வயதான முட்டையில் இந்தக் காவலும் குறைகிறது. வளையம் தளர்ந்த குரோமோசோம்கள் முன்னதாகவே பிரிந்து, பக்கம் மாறிப் போய்விடுகின்றன. பப்பாளிக்கு இதில் வேலையே இல்லை.

“சொந்தத்துல கட்டுனதாலயா?” என்று மகள் கேட்டார். அத்தை மகன்தான் மாப்பிள்ளை. அதனாலும் இல்லை. சொந்தத் திருமணத்தில் கவனிக்க வேண்டியது மறைந்திருக்கும் மரபணு நோய்கள். அது வேறு கணக்கு.

முட்டைக்கு வலு என்று பவுடர் விற்கிறார்களே, தளர்ந்த கொஹீசினைச் சரிசெய்யும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. ஃபோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும், ஆனால் அது குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும். அடுத்த முறை 11 வாரம் முடிந்ததும் என்.டி. ஸ்கேனும் (கருவின் பின்கழுத்து நீரை அளப்பது) ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொன்னேன். இதேபோல 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடினால் வருவது டவுன் சின்ட்ரோம். அந்தக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் சுமார் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. இளம் வயதிலும் வரலாம் என்பதால் இந்தப் பரிசோதனையை எல்லாருக்குமே சொல்கிறேன்.

எழுந்து போன அம்மா, கதவருகே நின்று திரும்பினார்.

“அப்போ, இவ வயித்துல இருக்கும்போது நான் எதையும் தின்னுட்டேனோ?”

மறுபடி உட்காரச் சொன்னேன்.