கர்ப் வெயிட்: ஓரமாக நிற்கும் காரின் எடைக்குத் தமிழில் என்ன சொல்வது?

கார் விமர்சனம் படிக்கிற யாரும் இந்தச் சொல்லைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். கடைசியில் ஒரு அட்டவணை போடுவார்களே, அதில் டேங்க் கொள்ளளவுக்கும் டயர் அளவுக்கும் நடுவில் எங்கேயாவது ‘கர்ப் வெயிட்’ என்று ஒரு வரி இருக்கும். எடை என்று சொன்னால் போதாதா, அதென்ன கர்ப் என்று யாரும் நின்று கேட்பதில்லை. ஆனால் பெரிய எஞ்சின் பூட்டிய அமெரிக்க மசில் கார்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் சண்டையே நடக்கும். 1965-இன் ஆறு சிலிண்டர் ஃபோர்டு மஸ்டாங் சுமார் 1,110 கிலோ, 2015 மஸ்டாங் ஜிடி சுமார் 1,680 கிலோ, ஐம்பது வருஷத்தில் அரை டன்னுக்கு மேல் ஏறியிருக்கிறதே, இது மசிலா, தொப்பையா என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் எதையெல்லாம் சேர்த்து எடை போட்டார்கள் என்று பார்க்க வேண்டும், அதற்கு இந்தச் சொல்லை ஒருமுறை கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

கர்ப் என்பது சாலையோரக் கல். நம் ஊரில் நடைபாதை விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து வரிசையாகப் பதித்திருப்பார்களே, அதேதான். ஒருவர் அந்தக் கல்லோரம் காரை நிறுத்துகிறார், டிக்கியில் இருந்த பையை எடுத்துக்கொள்கிறார், கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். இப்போது அங்கே நிற்கிற காரின் எடைதான் கர்ப் வெயிட். எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், டேங்க் நிறையப் பெட்ரோல், எல்லாம் கணக்கில் உண்டு. ஆளும் மூட்டையும் கணக்கில் இல்லை. 60 லிட்டர் டேங்க் என்றால் பெட்ரோல் மட்டுமே 45 கிலோ வரும், அதனால் இது சின்ன விஷயமில்லை. ஐரோப்பாவில் இதற்குக் கொஞ்சம் வேறு கணக்கு: 75 கிலோவுக்கு ஒரு ஓட்டுநரை உட்காரவைத்து, டேங்கில் 90 சதவீதம் எரிபொருள் ஊற்றி எடை சொல்வார்கள். அதே கார், அட்லாண்டிக்கைத் தாண்டியதும் எடை கூடிவிடும்.

சொல் வந்த வழி சுவாரசியமானது. லத்தீனில் கர்வஸ் என்றால் வளைந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் குதிரையின் கடிவாளத்தில் தாடைக்குக் கீழே வளைத்து மாட்டுகிற வாருக்கோ சங்கிலிக்கோ பெயராக இருந்தது. இழுத்தால் குதிரை அடங்கும், அடக்கு என்ற பொருள் அதிலிருந்து வந்தது. பிறகு கிணற்று வாயைச் சுற்றிக் கட்டுகிற விளிம்புக்குப் போய், அப்புறம் தெருவின் ஓரக்கல்லுக்கு வந்து சேர்ந்தது. கடிவாளத்தில் பிறந்த சொல் கடைசியில் மஸ்டாங் என்ற காட்டுக்குதிரைப் பெயர் கொண்ட காரின் எடையைச் சொல்ல வந்து நிற்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஓரக்கல் எடை’ என்று அப்படியே மாற்றினால் கல்லைத்தான் எடை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். லாரிக்காரர்களைக் கேட்டால் ‘எம்ட்டி வெயிட்’, ‘காலி வண்டி எடை’ என்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் பார்த்திருப்பீர்கள், லோடு ஏற்றும் முன் ஒரு தடவை வண்டி ஏறும், ஏற்றிய பிறகு ஒரு தடவை, கடைசியில் கைக்கு வருகிற சீட்டில் கிராஸ், டேர், நெட் என்று மூன்று வரி இருக்கும். கழிக்க வேண்டிய அந்த டேர்தான் காலி வண்டி. முதல் தடவை டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்து, இரண்டாம் தடவை டீ குடிக்க இறங்கிப்போய்விட்டால் சரக்கில் ஒரு ஆள் எடை காணாமல் போகும். எடைமேடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், கண்ணாடி ஜன்னலுக்குள்ளிருந்து ‘டிரைவர் இறங்கு’ என்று கத்துவது அதற்காகத்தான்.

ஆனால் காருக்குக் ‘காலி எடை’ என்று எழுதினால் டேங்கும் காலி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நம் ஆர்சி புக்கில் இருப்பது ‘அன்லேடன் வெயிட்’. 1988 மோட்டார் வாகனச் சட்டம் அதற்குச் சொல்கிற பொருள், வண்டி ஓடும்போது வழக்கமாக அதோடு இருக்கிற சாதனங்கள் எல்லாம் சேர்த்து, ஓட்டுநரும் உதவியாளரும் நீங்கலாக உள்ள எடை என்பது. கர்ப் வெயிட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ‘சுமையற்ற எடை’ என்றால் பிழையில்லை, ஆனால் ‘அற்ற’ போட்டுச் செய்கிற சொற்கள் எல்லாமே அரசாணை வாசனை அடிக்கின்றன.

நான் ‘தன்னெடை’ என்று சொல்வேன். ஒரு உத்தரம் மேலே வரும் பாரம் போக, தன்னையே தான் தாங்கியாக வேண்டும் என்று கட்டடக் கணக்கில் பார்ப்பார்களே, அந்த எண்ணம்தான் இதிலும். பெட்ரோலும் ஆயிலும் அதில் சேருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: நாம் எடை பார்க்கும்போது ரத்தத்தை இறக்கிவைத்துவிட்டா மிஷினில் ஏறுகிறோம்? ‘நிறை’ என்று போடலாமே என்றால், தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் நிறை வேறு, எடை வேறு. இலங்கைப் பாடப்புத்தகத்திலோ இங்கே நிறை என்பது அங்கே திணிவு, இங்கே எடை என்பது அங்கே நிறை. இந்தக் குழப்பத்துக்குள் காரை ஓட்டிப்போக வேண்டாம்.

மசில் காரைத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்காதீர்கள். தசைக்கார் என்றால் சிரிப்பு வரும், அது மசில் காராகவே இருக்கட்டும். நடுத்தர அளவு இரண்டு கதவுக் காருக்குள் பெரிய காருக்கான வி-8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தால் அது மசில் கார். மஸ்டாங்கைக் கண்டிப்பானவர்கள் போனி கார் (அதைவிடச் சின்ன ரகம்) என்றுதான் சொல்வார்கள், நான் இங்கே இரண்டையும் ஒரே கொட்டகையில் கட்டுகிறேன்.

இப்போது சண்டைக்கு வருவோம். பழைய கார்களின் எடை என்று சுற்றிக்கொண்டிருக்கிற எண்களில் பல தன்னெடையே இல்லை. அவை ‘ஷிப்பிங் வெயிட்’, அதாவது தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது உள்ள எடை: பெட்ரோல் இல்லை, ஆசைக்குக் கேட்டுப் பூட்டிக்கொள்கிற ஏசி, பவர் ஸ்டீயரிங் எதுவும் இல்லை. இன்றைய எண்ணில் இதெல்லாம் உள்ளே இருக்கும். போதாக்குறைக்கு 1971 வரை குதிரைத்திறனையும் அமெரிக்காவில் பெரும்பாலும் மொத்தக் கணக்கில் சொன்னார்கள், எஞ்சினைத் தனியாக மேசையில் வைத்து, சைலன்சர் போன்ற உபரிகளை எல்லாம் கழற்றிவிட்டு அளந்த எண். எடையைக் குறைத்துச் சொன்னார்கள், பலத்தைக் கூட்டிச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போகும்போது நம் ஆட்கள் மாப்பிள்ளை சம்பளத்தையும் வயதையும் சொல்வது மாதிரி. 1965 மஸ்டாங்கிலேயே வி-8 போட்டால் நூறு கிலோவுக்கு மேல் ஏறிவிடும், ஆறு சிலிண்டரின் எண்ணை எடுத்து இன்றைய வி-8 ஜிடியோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை.

இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எடை கூடித்தான் இருக்கிறது. ஏன் என்று புரிய ஒரு சக்கரத்தைக் கழற்றினால் போதும். 1964-இல் வந்த பாண்டியாக் ஜிடிஓ-தான் இந்த வம்சத்துக்கு மூத்தவர் என்று பலர் சொல்வார்கள். 389 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன், அதுவும் அந்த மொத்தக் கணக்கில். நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக், அதன் மேல் 14 அங்குல இரும்பு வீல். 2015-இல் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 707 குதிரைத்திறனோடு வந்தது. அதன் முன்சக்கர பிரேக் டிஸ்க் மட்டுமே 390 மில்லிமீட்டர். 14 அங்குலம் என்பது 356 மில்லிமீட்டர்தான். ஹெல்கேட்டின் பிரேக் தட்டு ஜிடிஓ-வின் வீலுக்குள் நுழையவே நுழையாது, வீலைவிடத் தட்டு பெரிது. அந்தத் தட்டுக்கு 20 அங்குல வீல், அதற்கேற்ற அகலத்தில் டயர், அந்த இழுப்பைத் தாங்க கனமான ஆக்சில், கியர்பாக்ஸ், எஞ்சின் சூட்டை ஆற்றக் கூடுதல் ரேடியேட்டர்கள். இவ்வளவையும் இழுக்க இன்னும் கொஞ்சம் பலம். ஜிடிஓ சுமார் 1,550 கிலோ, ஹெல்கேட் 2,000 கிலோவைத் தாண்டியது இப்படித்தான்.

அடுத்தது உயிர். முதல் மஸ்டாங்கில் டிக்கியின் தரை என்று தனியாக ஒன்று கிடையாது, பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் தரை. பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டுதான் ஊர் போனார்கள். வண்டி லேசு, விலை மலிவு, பின்னால் யாராவது இடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1966-இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-இலிருந்து சீட் பெல்ட், 1973-இலிருந்து பக்கவாட்டு இடியைத் தாங்கக் கதவுக்குள் இரும்புத் தண்டு, அதே காலத்தில் மெதுவான இடிக்கு நசுங்காத கனத்த பம்பர், 1998 மாடல் கார்களிலிருந்து முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக், 2012 மாடலிலிருந்து வழுக்கும்போது வண்டியைத் தானாக நேராக்குகிற மின்னணுக் கருவி. தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் பெரிய கனமில்லை. மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அந்தக் கதைதான்.

இதில் எனக்குப் பிடித்தது கூரை விதி. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது, அதற்காகக் காரின் சுமையில்லாத எடையைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தைக் கூரை தாங்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். 2009-இல் அதை மூன்று மடங்காக்கிச் சில ஆண்டுகளில் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விதியே தன்னெடையை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கார் கனமானால் கூரைத் தூண் இன்னும் பலமாக வேண்டும், தூண் பலமானால் கார் இன்னும் கனம். கடன் வட்டி மாதிரி. இன்றைய கார்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் முழங்கை தடிமனுக்குத் தூண் நிற்பதும், திரும்பும்போது குறுக்கே போகிறவர் அதற்குப் பின்னால் மறைந்துபோவதும் இதனால்தான்.

உடம்பும் வளர்ந்திருக்கிறது. 1965 மஸ்டாங் 1.73 மீட்டர் அகலம், 2015-இல் சுமார் 1.92. 2008-இல் திரும்பி வந்த சேலஞ்சரை நான்கு கதவுக் குடும்பக் காரின் அடித்தளத்தை வெட்டிச் சுருக்கித்தான் செய்தார்கள், அப்பா சட்டையைப் பையனுக்குத் தைத்த மாதிரி, எவ்வளவு பிடித்தாலும் தொளதொளதான். அதற்கு மேல் ஏசி, மோட்டார் வைத்த சீட், சத்தத்தை அடக்கும் பாய்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நீங்களே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

எல்லாம் ஒரே திசையில் போகவும் இல்லை. 2016 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ் புது அடித்தளத்துக்கு மாறியதில் முந்தையதைவிட இளைத்து 1,670 கிலோவுக்கு வந்தது. அதே ஷெவர்லேயின் 1970 ஷெவெல் எஸ்எஸ் 454-ஐ எடுத்துக்கொண்டால் சுமார் 1,750 கிலோ. ஷெவெல் ஒரு அளவு பெரிய கார்தான், ஆனாலும் அந்தக் காலத்து மசில் கார் எல்லாம் தக்கை மாதிரி இருந்தது என்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது மின்சாரக் காலம். 2024-இல் வந்த டாட்ஜ் சார்ஜர் டேடோனா 100 கிலோவாட் மணி பேட்டரியோடு 2,648 கிலோ, ஜிடிஓ-வைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். பெட்ரோல் கார் ஓட ஓடக் கொஞ்சமாவது இளைக்கும், டேங்க் தீரும்போது 45 கிலோ போயிருக்கும். பேட்டரி நிறைந்திருந்தாலும் தீர்ந்தாலும் அதே கனம்.

எடையைக் குறைக்க மசில் காரர்கள் செய்யாத வித்தை இல்லை. 1963-இல் பாண்டியாக் பந்தயத்துக்காகச் சில கட்டலினா கார்களின் சேஸிஸில் வரிசையாக ஓட்டை போட்டுவிட்டது, சீஸ் துண்டு மாதிரி இருக்கிறது என்று அதற்கே பெயர் வைத்துவிட்டார்கள். 2018-இல் வந்த சேலஞ்சர் டீமனில் ஓட்டுகிறவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் விற்றார்கள். பக்கத்து சீட் வேண்டும் என்று கேட்டால் ஒரு டாலர் கூடுதல். அந்த ஒரு டாலர் சீட்டைப் பூட்டினால் காரின் தன்னெடை 25 கிலோவாவது கூடும், அதில் நூறு கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் ஒரு கிராம்கூடக் கூடாது.