உங்கள் கைபேசி ‘வேரூன்றியுள்ளது’: ரூட் என்ற சொல்லைப் பற்றி

போன மாதம் ஒரு காலையில் சித்தப்பா கூப்பிட்டார். “தம்பி, நீ குடுத்த ஃபோன் வேர் விட்டிருச்சாம்டா. தண்ணி கிண்ணி பட்டிருக்குமோ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பணம் அனுப்பும் செயலி ஒன்றின் அறிவிப்பு அது: “உங்கள் சாதனம் வேரூன்றப்பட்டுள்ளது. பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தொடர இயலாது.” சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் ஐந்தாறு மா நிலத்தில் பாடுபடுகிறவர். நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று வரப்பில் குனிந்து பார்த்தே வயதானவர். வேரூன்றினால் நல்லதுதானே, அதற்கு ஏன் பணம் போக மாட்டேன் என்கிறது என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி.

தப்பு என்னுடையதுதான். அது நான் வைத்திருந்த பழைய ஃபோன். கம்பெனி புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டதால் பூட்லோடரை (ஃபோனை எழுப்பும் முதல் நிரல்) அன்லாக் செய்து, லினேஜ் ஓஎஸ் என்ற தன்னார்வலர்களின் ஆண்ட்ராய்டைப் போட்டு, மேஜிஸ்க் என்ற கருவி கொண்டு ரூட்டும் செய்து இரண்டு வருடம் ஓட்டினேன். கொடுக்கும்போது சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் அந்த ஒற்றை வரியைத் தமிழில் எழுதியவர் சரியாக எழுதியிருந்தால், ஃபோனை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கும் வேலை அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

இந்த வேரூன்றலை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. “ஆண்ட்ராய்டு கைபேசியை வேரூன்றுவது எப்படி?” என்று தலைப்புகள் வருகின்றன. வேர்விடுதல், வேரிடல் என்றும் எழுதுகிறார்கள். செய்த ரூட்டை எடுப்பதற்கு ஒருவர் ‘வேரறுத்தல்’ என்று எழுதியிருந்தார். மேடையில் யாரோ மைக்கைப் பிடித்துக் கத்துவது போல இருந்தது.

முதலில் ரூட் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1969இல் தொடங்கி பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தில் கோப்புகள் எல்லாம் ஒரே அடைவிலிருந்து, அதாவது ஒரே ஃபோல்டரிலிருந்து, கிளை பிரியும். அந்த அடைவுக்குப் பெயர் ரூட் (ஆங்கிலத்தில் வேர்), குறி ஒரு சாய்கோடு. அந்த அடைவையே அப்போது வீடாகக் கொண்டிருந்த பயனர் கணக்குக்கும் ரூட் என்றே பெயர். அதன் எண் பூஜ்யம். எண் பூஜ்யம் என்றால் இயக்குதளத்தின் கருவான கர்னல் எந்த உரிமையையும் தட்டிக் கேட்காது. எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். ஆண்ட்ராய்டு நிற்பது யூனிக்ஸ் வழியில் எழுதப்பட்ட லினக்ஸ் கர்னலின் மேல். அதனால் இந்தப் பூஜ்யம் உங்கள் ஃபோனுக்குள்ளும் உண்டு. ஆனால் நீங்கள் அங்கே போக வழியில்லாமல் விற்கிறார்கள். நீங்கள் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் 10000க்கு மேல் ஒரு பயனர் எண் ஒதுக்கப்படும். ஒரு செயலியின் அறைக்குள் இன்னொரு செயலி எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் இந்த எண்தான். பூஜ்யத்தின் அதிகாரத்தைப் பெறும் வழியை ஃபோனில் உண்டாக்கிக்கொள்வதற்குப் பெயர்தான் ரூட் செய்தல்.

இதை வரையறையாகச் சொல்வதைவிட 2008இல் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்வது மேல். முதல் ஆண்ட்ராய்டு ஃபோனான ஜி1 அந்த அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதில் இழுத்து மூடும் விசைப்பலகை இருந்தது. சில வாரங்களில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் திரையில் தெரியும் செயலிக்குப் போவதோடு, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ரூட் உரிமையோடு திறந்திருந்த ஒரு கட்டளை முனையத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. நண்பருக்குச் செய்தி எழுதும்போது ‘ரீபூட்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் ஃபோன் நிஜமாகவே அணைந்து மறுபடி எழும்! அவசர அவசரமாகத் திருத்தம் அனுப்பினார்கள். வாயிலிருந்து வரும் சொல்லெல்லாம் ஆணை ஆவது, அதுதான் ரூட். இதில் மண் எங்கே, ஈரம் எங்கே, வேர் எங்கே?

‘வேரூன்று’ பொருளில் மட்டுமல்ல, இலக்கணத்திலேயே இடறுகிறது. ஊன்று என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. கேட்ட பொருளாக வேர் ஏற்கெனவே முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “கைபேசியை வேரூன்று” என்றால் ஒரு வினைக்கு இரண்டு செயப்படுபொருள். ஊன்றுவது வேரையா, கைபேசியையா? “பகை வேரூன்றியது”, “பழக்கம் வேரூன்றியது” என்போம். யாரும் பழக்கத்தை வேரூன்ற மாட்டார்கள், வேண்டுமானால் வேரூன்றச் செய்வார்கள். ‘வேரூன்றப்பட்டுள்ளது’ என்பதோ இன்னும் மோசம். தானாக நடப்பதைச் செயப்பாட்டுவினையில் தள்ளி, யார் செய்தார் என்ற பயத்தையும் கிளப்பிவிடுகிறது.

பொருளைப் பாருங்கள். தமிழில் வேரூன்றுவது என்றால் நிலைத்துப் போவது, இனி அசையாது என்ற நிலைக்கு வருவது. ரூட் செய்தவர் விரும்புவது நேர் எதிர். கம்பெனி பிடுங்க முடியாதபடி பதித்து வைத்த செயலிகளைப் பிடுங்கத்தான் பாதிப்பேர் ரூட்டே செய்கிறார்கள். நிலைத்திருந்ததை அசைப்பதற்கு நிலைத்தல் என்று பெயர் வைத்தால் எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. நம் மனத்தில் வேர் கீழே, மறைந்து கிடக்கும். கணினிக்காரர்களின் மரம் தலைகீழ். ரூட் உச்சியில் இருக்கும், கிளைகள் கீழே இறங்கும். கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் வேர் மேலாகவும் கிளை கீழாகவும் நிற்கும் அரசமரம் வருமே, அந்த வகை. வேர் என்ற சொல் தமிழில் அதிகாரத்தைக் காட்டுவதே இல்லை. ஊட்டத்தைக் காட்டும், உறுதியைக் காட்டும், தொன்மையைக் காட்டும். ‘வேர்ப்பயனர்’ என்று எழுதினால் நாட்டு மருந்துக்கடையில் நன்னாரி வாங்குகிறவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேரை விட்டவர்கள் அடுத்துப் பிடிப்பது மூலத்தை. மூலப் பயனர், மூல அணுக்கம். அகராதிப்படி தவறில்லை. வடமொழியில் மூலம் வேர்தான், வர்க்கமூலம் என்று கணக்கில் படித்தோம். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. கோயில் மூலவரை நினைத்தால் அதிகாரம்கூட ஒட்டிவரும். ஆனால் தமிழ்நாட்டில் பேருந்து நிலையச் சுவர் எதையாவது வாசித்தவருக்கு மூலம் என்றதும் அடுத்த சொல்லாகப் பௌத்திரம்தான் வரும். “உங்கள் கைபேசியில் மூலம் கண்டறியப்பட்டுள்ளது” என்று ஒரு செயலி சொன்னால் சித்தப்பா சேனைக்கிழங்கு வாங்கக் கிளம்பிவிடுவார். போதாக்குறைக்கு மூலம் என்பதை ஏற்கெனவே ‘சோர்ஸ்’ என்பதற்குக் கொடுத்தாயிற்று. திறந்த மூலம் என்றால் நிரல் வெளிப்படையாக இருப்பது. திறந்த மூலமும் மூல உரிமையும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் கதி என்ன?

மீப்பயனர் என்று ஒரு சொல் உண்டு, மோசமில்லை. மீக்கணினி, மீயுரை என்ற வரிசையில் வருவது. ஆனால் அது ‘சூப்பர்யூசர்’ என்ற வேறொரு சொல்லின் தமிழ். ரூட் ஒரு பெயர், சூப்பர்யூசர் ஒரு பதவி. யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டைத் திருப்பிப் போட்டு ‘டூர்’ என்று இன்னொரு கணக்கே வைத்திருக்கிறார்கள். அதற்கும் எண் பூஜ்யம், அதே அதிகாரம். பெயர் போனாலும் பதவி போகாது. இதை யோசித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்: பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, ரூட் என்றே எழுதலாம். பதவிக்குத்தான் தமிழ் வேண்டும். அங்கே மீ போதவில்லை என்பது என் கட்சி. மீத்திறன் மாணவர் என்றால் நன்றாகப் படிக்கிறவர், அவ்வளவுதான். ரூட் நன்றாகச் செய்யும் பயனர் அல்ல, கேள்வி கேட்பாரில்லாத பயனர்.

எனக்குப் பிடித்த சொல் நம்மிடமே கிடக்கிறது: முதல். மரத்துக்கு அடிப்பகுதி முதல், கிளை சினை. முதலும் சினையும் என்று பள்ளி இலக்கணத்தில் படித்தோமே, அதே முதல்தான். கோப்பு மரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாராலும் செய்து தர முடியாது. முதலடைவு, கிளையடைவு, முடிந்தது. பயனருக்கு ‘முதற்பயனர்’ என்றால் மட்டும் சிக்கல். முதன்முதலாக வாங்கியவர் என்று படிப்பார்கள், அதுவும் எண் பூஜ்யமாக இருக்கிறவரைப் போய் முதல் என்றால் கேலி செய்வார்கள். அதற்கு ‘முழுமுதல்’ இருக்கிறது. குறுந்தொகையின் 361ஆம் பாட்டில் மலையிலிருந்து ஆற்றுவெள்ளத்தில் வந்து சேரும் காந்தளை “முழுமுதற் காந்தள்” என்கிறார் கபிலர். கிழங்கோடு முழுசாக வந்தது. அதனால்தான் தலைவி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நட முடிகிறது. அதே சொல் பின்னால் முழுமுதற் கடவுள் ஆயிற்று, தனக்கு மேல் ஒருவர் இல்லாதவர். அடியும் அதுவே, தலைமையும் அதுவே. ஆங்கிலத்து ரூட் தற்செயலாகச் சேர்த்துக்கொண்ட இரண்டு பொருளும் நம் சொல்லில் பிறவியிலேயே இருக்கின்றன. ஆகவே முழுமுதற் பயனர், முழுமுதல் உரிமை. நீளம்தான். ரிப்பேர் கடையில் நின்று “முழுமுதலுரிமை பெற்றுத் தாங்கண்ணே” என்று நானும் கேட்க மாட்டேன். ரூட் பண்ணித் தாங்க என்றுதான் கேட்பேன். எழுத்தில் ஒருமுறை விளக்கிவிட்டு, அப்புறம் ‘ரூட் செய்தல்’ என்றே தொடர்வதில் எனக்கு வெட்கமில்லை. தப்பான தமிழைவிட நேரான கடன் சொல் எவ்வளவோ மேல்.

கூடவே வரும் பூட்லோடர் அன்லாக்கையும் விட மனசில்லை. பூட் என்பது செருப்புக் கடைச் சமாசாரம்தான். பூட்ஸின் பின்புறம் பிடித்திழுத்து மாட்ட ஒரு வார் இருக்கும். அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது ஆங்கிலத்தில் நடக்காத காரியத்துக்குச் சொன்ன வழக்கு. நம் ஊரில் தன் தோளில் தானே ஏறுவது. இயக்குதளத்தை ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அந்த நிரலை ஏற்றுவது யார் என்ற முடிச்சு அது. இதைத் துவக்கி, தொடக்கி என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் தொடக்கியின் பக்கம். இலக்கணக்காரர்கள் துவக்கத்தைத் திருத்துவார்கள் என்பது ஒருபுறம், ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் “துவக்கியின் பூட்டை நீக்கினேன்” என்று சொல்லிப் பார்த்தேன், ஒரு நொடி என்னையே பார்த்தார்.

அன்லாக்கை வெறுமனே ‘திறத்தல்’ என்பதும் சரியில்லை. விரல் வைத்துத் திரையைத் திறப்பதும் அன்லாக், வேறு நிறுவனத்து சிம்மை ஏற்க வைப்பதும் அன்லாக், இதுவும் அன்லாக். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தொடக்கியின் பூட்டு கதவுப்பூட்டு போன்றதல்ல. பூட்டியிருக்கும்போது அது தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும் இயக்குதளத்தை மட்டும் எழுப்பும். நீக்கினால் முத்திரை இல்லாததையும் எழுப்பும். நீக்கும்போது ஃபோனிலுள்ள படம், செய்தி எல்லாம் அழிக்கப்படும். வீட்டுக்கு வந்த திருடன் பூட்டை நீக்கி உங்கள் தரவைப் படித்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பிறகு ஒவ்வொரு முறை எழும்போதும் திரையில் எச்சரிக்கை வரும். ‘தொடக்கிப் பூட்டு நீக்கம்’ என்று எழுதினால் குழப்பமில்லை. நீக்கியதாலேயே ஃபோன் ரூட் ஆகிவிடாது. அது வேறு, இது வேறு. மொழிபெயர்ப்பவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதற்கு இரண்டையும் ‘திறந்துவிடுதல்’ என்று எழுதும் கட்டுரைகளே சாட்சி.

ஐஃபோனில் இதற்கு இணையான வேலைக்குச் சிறையுடைப்பு என்று யாரோ எழுதினார்கள், நிலைத்துவிட்டது. அங்கே ஆங்கிலச் சொல்லிலேயே படம் இருந்தது. அந்தப் படம் தமிழிலும் அப்படியே தெரிந்தது. ரூட்டில் படம் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டினால் கிடைப்பது வேர்தான். பொறி மொழிபெயர்ப்பு அதைச் செய்வதில் எனக்குக் கோபமில்லை, அதற்கு வயலும் தெரியாது ஃபோனும் தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்த்து ‘சரி’ என்று அனுப்பியிருப்பாரே, அவரிடம்தான் கேட்கத் தோன்றுகிறது: உங்கள் அம்மாவின் ஃபோனில் இந்த வரி வந்தால் அவர் என்ன செய்வார்?

அந்த அறிவிப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “இந்தக் கைபேசி ரூட் செய்யப்பட்டிருக்கிறது. இதிலுள்ள பிற செயலிகள் முழுமுதல் உரிமை பெற்று உங்கள் வங்கி விவரங்களைப் பார்க்கக்கூடும். அதனால் இதில் பணம் அனுப்ப முடியாது.” சொல் தெரியாதவருக்கும் ஏன் என்பது தெரியும்.

சித்தப்பாவிடம் ஃபோனில் வேறு மாதிரி சொன்னேன். “பெட்டகச் சாவியை நான் வெளிய வெச்சிட்டேன் சித்தப்பா, அதான் பேங்க்காரன் பயப்படறான்.” “அப்ப தண்ணி படலையா?” என்றார். படவில்லை. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றாமல் பூட்டை மட்டும் போட்டால் ஃபோன் எழும்பாமலே போய்விடலாம் என்பதால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்வரை தொடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் பழைய பாட்டு கேட்கிறார். உரக்கடைக்குப் பணம் போவது சித்தியின் ஃபோனிலிருந்து.