கண்ணை மூடினால் யோசனை வருகிறதா? வரட்டும்

உளவளத்துணைக்கு வருகிறவர்களிடம் மந்திர தியானம் என்று சொன்னதும் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "எனக்கு அது சரிவராது மிஸ். கண்ணை மூடினா ஆயிரம் யோசனை வருது." விசாரித்துப் பார்த்தால், முன்பு எங்கேயோ ஒருதரம் முயற்சி செய்துவிட்டு விட்டிருப்பார்கள். மனதை வெறுமையாக்கு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது யாருக்கும் முடியாத வேலை. யோசனை வரத்தான் செய்யும். வந்ததைக் கவனித்து, திரும்பவும் மந்திரத்துக்கு வருவதுதான் பயிற்சி.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை மிகச் சின்னது. கதிரையில் முதுகை நிமிர்த்தி, இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி இருங்கள். சம்மணம் கொட்டவேண்டும் என்றில்லை. முழங்கால் நோவோடு நிலத்தில் இருந்து கஷ்டப்படாதீர்கள். இரண்டு மூன்று மூச்சு சாதாரணமாக விடுங்கள். அப்புறம், மூச்சு வெளியே போகும்போது நீங்கள் தெரிந்தெடுத்த சொல்லை மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கும்போது ஒன்றும் சொல்லவேண்டாம். தொடக்கத்தில் 5 நிமிடம் போதும், பழகியபின் 10, 15 என்று கூட்டலாம். முடிந்தவுடன் சடாரென்று எழும்பாமல் கொஞ்சம் அப்படியே இருங்கள். போனை மட்டும் முன்கூட்டியே சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் ஆட்களைச் சந்திக்கும் அறை கரையோர ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிறது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) அங்கே முதல்முறை பழகியபோது, கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறியிருந்தன. ரயில் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "ரயில் குழப்பிப்போட்டுது" என்றார். ரயில் போனபிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "மகன் டியூஷனுக்குப் போயிருப்பானோ எண்டு யோசிச்சன். பிறகு காஸ் முடியப்போகுது எண்டு. பிறகு... ஓ, மந்திரம் சொல்லவேணுமெண்டு ஞாபகம் வந்தது." அந்த ‘ஓ’ என்ற இடம் வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்றேன். அதே நாளில் இரண்டாம் தரம் இருந்தபோதும் ரயில் வந்தது. இந்தமுறை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்துவிட்டன.

இது ஏன் வேலை செய்கிறது? கவலை பெரும்பாலும் சொற்களாகத்தான் மனதில் ஓடுகிறது: ‘லோனை எப்படிக் கட்டுவது’, ‘அவர் ஏன் அப்படிச் சொன்னார்’. மனதுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வசனங்களைச் சொல்லிப் பாருங்கள், முடியாது. மந்திரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது மூச்சு. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 தடவை மூச்சுவிடுவார். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், கத்தோலிக்கச் செபமாலையின் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை இலத்தீனில் சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு 6 தடவையாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்க இதயம் காட்டும் அனிச்சைச் செயலும் கூடியது. 23 பேரோடு நடந்த சிறிய ஆய்வுதான் அது. ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செபமாலை உருட்டும் அம்மாமாரின் மூச்சுக்கும், செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலில் ‘முருகா, முருகா’ என்று இருப்பவர்களின் மூச்சுக்கும் என்ன நடக்கிறது என்று யோசிக்க அது எனக்கு உதவியது.

எனவே, எந்தச் சொல்? உங்கள் வாயில் ஏற்கனவே பழகிய சொல். ‘சிவாய நம’ ஆகலாம், ‘இயேசுவே’ ஆகலாம். முஸ்லிம் நண்பர்களுக்கு, இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரு இருக்கிறது; அவர்கள் அதை மந்திரம் என்று அழைக்கவேண்டியதில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் ‘அமைதி’ என்றே சொல்லலாம். ‘எனக்கு ஒன்றும் நடக்காது’ போன்ற வசனங்களை மட்டும் எடுக்கவேண்டாம் என்பேன், மனம் உடனே அதோடு வாதாடத் தொடங்கிவிடும். காசு கொடுத்து ‘இரகசிய மந்திரம்’ வாங்கவும் வேண்டாம். ஆளுக்கொரு மந்திரம் கொடுத்துப் பழக்கும் மகரிஷி மகேஷ் யோகியின் முறையில் தியானம் செய்தவர்களை ஆராய்ந்த ஹார்வர்ட் இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், உடல் தளர்வதற்குக் குறிப்பிட்ட மந்திரம்தான் வேண்டும் என்றில்லை, எந்தச் சொல்லும் போதும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். எடுத்த சொல்லைக் கிழமைக்கொரு தரம் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு: 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நிற்கும் நேரமும் நேரம்தான். கண்ணைத் திறந்தபடியே சொல்லலாம். வாகனம் ஓட்டும்போது வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். யுத்தத்தையோ 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளையோ நேரில் பார்த்தவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி அமைதியாக இருப்பதே அந்தரத்தைக் கூட்டிவிடும். அப்படியானால் நிறுத்துங்கள், அது உங்கள் குறை இல்லை. கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள், பிறகு யாராவது துறைசார்ந்த ஒருவரிடம் கதையுங்கள். வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மந்திரத்தோடு காத்திருக்கவே வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை 24 மணிநேரமும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். பிரஷர் குளிசையோ மனநல மருந்தோ எடுப்பவர்கள், இப்போது நன்றாக இருக்கிறது என்று தாங்களாகவே அதை நிறுத்தக்கூடாது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம், தியானம் பழகுகிறேன் என்று சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை அவர் பரிசோதித்துப் பார்த்து முடிவுசெய்வார்.