நீச்சல் தெரிந்தவர்களே, ஜாக்கெட்டை மாட்டுங்கள்

மறுபடியும் அதேதான். கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) கவிழ்ந்து தத்தளித்தவரைக் கரை சேர்த்தோம். நல்ல நீச்சல்காரர். லைஃப் ஜாக்கெட்டும் வைத்திருந்தார், ஆனால் இருக்கைக்குப் பின்னால் எலாஸ்டிக் கயிற்றுக்குள் செருகிவைத்திருந்தார். பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தார்.

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!" பயிற்சியாளராக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. ஜாக்கெட் என்பது நீச்சல் தெரியாதவர்களுக்கு என்று யார் சொன்னது? 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென்று விழுந்தால், உடம்பு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் நெஞ்சுக்குள் போவது தண்ணீர். அப்புறம் ஒரு நிமிடம்போல மூச்சு தாறுமாறாக இரைக்கும். மனவுறுதியால் அதை நிறுத்த முடியாது, எத்தனை பதக்கம் வாங்கியவராக இருந்தாலும் சரி. அடுத்த 10 நிமிடங்களுக்குள் கைவிரல்கள் விறைக்கத் தொடங்கும். பக்கிளைப் பூட்டக்கூட விரல் மடங்காது. 'கவிழ்ந்தால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் இந்த விரல்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஜாக்கெட் இல்லாதவர்கள் பெரும்பாலும் அதுவரை தாங்குவதில்லை, அதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள். நீச்சல் குளத்தில் பழகிய கை, தயாராக இறங்கிப் பழகிய கை. கவிழ்வது அப்படி இல்லை.

வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்பார்கள். பனி உருகி வரும் ஆற்றுக்கு வெயில் தெரியாது. தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள், உடம்போடு ஒட்டிக் குளிரைத் தடுக்கும் வெட்சூட் அதற்குத்தான்.

ஜாக்கெட்டை மாட்டிப் பட்டைகளை இறுக்கியதும் தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். கயாக்கில் பலரும் போடும் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) ஜாக்கெட் மிதக்க உதவும், ஆனால் மயங்கியவரை மல்லாக்கத் திருப்பும் என்று நம்ப முடியாது. அதனால் தனியாகப் போகாதீர்கள்.

ஓடும் ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் கால் மாட்டினால் நீரோட்டம் உங்களை முகங்குப்புற அழுத்திவிடும். மல்லாந்து, கால்விரல்கள் நீர்மட்டத்தில் தெரிய, கால் முன்னே போகும்படி மிதந்து கரைப்பக்கம் ஒதுங்குங்கள். தடுப்பணைப் பக்கம் போகவே போகாதீர்கள், சின்னதாகத் தெரிந்தாலும்.

குளிரில் விறைத்தவரை மீட்டால் நடக்கவிடாதீர்கள், கைகால்களைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். படுக்கவைத்து, ஈரத்தைக் களைந்து, போர்த்தி, மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள்.

குழுவை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவர் ஜாக்கெட் மாட்டவில்லை என்றாலும் படகை இறக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.