23-ம் அத்தியாயம் இல்லாத புத்தகம்

எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், வசம்புத் துண்டுகளுக்கு நடுவே, ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் தைத்து, காலிகோ ஒட்டி, அட்டை போட்டு வைத்தது. செய்தவள் அம்மை, கல்யாணத்துக்கு முன்பு. முதுகில் மையால் எழுதிய பெயர் பாதி அழிந்துவிட்டது. ராமபாணப் பூச்சி முதல் தாளில் போட்ட ஓட்டை நாற்பது பக்கம் தாண்டியும் நேர்கோட்டில் போகிறது. கதைக்கு நடுநடுவே தலைவலித் தைலம், சைக்கிள், தையல் மிஷின் விளம்பரங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் ‘தொடரும்’.

அரையாண்டு லீவில் இதை வாசிக்கிற பழக்கம் எனக்கு எட்டாம் வகுப்பில் தொடங்கியது. இப்போது வேலை சென்னையில். டிசம்பர் கடைசியில் தக்கலைப் பக்கத்து எங்கள் வீட்டுக்கு வந்ததும், பையை வைத்த கையோடு அலமாரியைத் திறப்பேன். குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள குமரி மாவட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. வடகிழக்கு மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும். ஃபேனை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்போம். எதிர்வீட்டு மாமியின் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். இதைத்தான் நாங்கள் குளிர் என்போம்.

அம்மை வருஷா வருஷம் கேட்பாள்: “இதயே எத்தன தடவ மக்கா வாசிப்ப? கததான் தெரியும்லா?”

கதை தெரிந்த பிறகும் ஏன் இனிக்கிறது? மனோதத்துவக்காரர்களும் மூளை ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை ரொம்ப நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சொல்ல, கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். அது போவதென்னவோ தவளை மாதிரி தத்தித் தத்தித்தான். ஓரிடத்தில் ஏறத்தாழ கால் விநாடி உட்காரும். பிறகு ஒரு தாவல். தாவுகிற அந்தச் சின்ன இடைவெளியில் வருகிற காட்சியை மூளை அமுக்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தத்தியே தீரவேண்டும், ஏனென்றால் விழித்திரையில் எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு. மற்றதெல்லாம் மங்கல்தான். போதாக்குறைக்கு, பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகும். “என்ன சொன்னான்?” என்று திரும்பிப் பார்க்கிற தாவல் அது.

வாசித்ததையே மறுபடி வாசிக்கும்போது கண்ணின் நடத்தை மாறுகிறது. உட்காரும் இடங்கள் குறைகின்றன, உட்காரும் நேரமும் குறைகிறது, பின்னோக்கிப் பார்ப்பதும் குறைகிறது. அடுத்து வரப்போவது இன்ன சொல் என்று ஊகிக்க முடிந்தால், பல நேரம் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். நாகர்கோவில்–மார்த்தாண்டம் ரோட்டில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டுகிறவர் எந்தக் குழி எங்கே என்று பார்த்தா ஓட்டுகிறார்? அதே சங்கதிதான்.

கண்ணுக்குப் பின்னால் மூளையிலும் இது தெரியும். 1980-ல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர், தலையில் மின்முனைகளைப் பொருத்தி ஆட்களை வாக்கியங்கள் வாசிக்கச் சொன்னார்கள். வாக்கியம் ஒழுங்காகப் போய், கடைசிச் சொல் மட்டும் கோணலாக முடியும். “மரச்சீனிக் கிழங்கை அவித்து, சாளைக் குழம்பில் தொட்டு, குடையைத் தின்றான்” என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள் (கிழங்கும் சாளையும் என் கைச்சரக்கு). அந்தக் ‘குடை’ கண்ணில் பட்டு சுமார் 400 மில்லி விநாடியில் மூளையின் மின் அலையில் ஒரு பெரிய சரிவு வந்தது. பொருந்தாத சொல்லுக்குத்தான் என்றில்லை, எந்தச் சொல்லுக்கும் இந்த அலை கொஞ்சம் வரும். எதிர்பார்த்த சொல்லுக்குச் சின்னதாக வரும், எதிர்பாராததற்குப் பெரிதாக வரும். ஒருமுறை பார்த்த சொல் திரும்ப வரும்போதும் அலை சுருங்கிவிடுகிறது. பழகிய கதையை வாசிக்கும் மூளை கூலி கொஞ்சமாகக் கேட்கிறது என்று சொல்லலாம்.

மிச்சமாகும் கூலி எங்கே போகிறது? என் அனுபவத்தில் அது மற்ற விஷயங்களைக் கவனிக்கப் போகிறது. கதையில் ஒரு அத்தை வருகிறாள். நாலாம் அத்தியாயத்தில், வீட்டில் ஆள் கூடியிருக்கும்போது, இடுப்புச் சாவிக்கொத்தை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுகிறாள். எட்டாம் வகுப்பில் அந்த வரியே என் கண்ணில் படவில்லை. ‘அவனுக்கு என்ன ஆயிற்று’ என்று ஓடிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் வாசித்தபோது அது பேராசையாகத் தெரிந்தது. இப்போது எனக்கு வயது நாற்பதுக்கு மேல். அந்தச் சாவிகளில் ஒன்றுகூட அவள் பெயரில் உள்ள எதையும் திறக்காது என்பது போன டிசம்பரில்தான் உறைத்தது. முடிவு என்ன என்ற பதற்றம் தீர்ந்த பிறகுதான் சாவிக்கொத்து தெரிகிறது.

ஆனால் பதற்றம் முழுக்கத் தீர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை என்பதுதான் வேடிக்கை. 31-ம் அத்தியாயத்தில் ஆற்று வெள்ளத்தில் ஒரு வள்ளம் போகிறது. அது கரை சேரும் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் கை சில்லென்று ஆகிவிடும். ரிச்சர்ட் கெரிக் என்ற ஆய்வாளர் 1989-ல் இதைச் சோதித்தார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் என்பது அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் பதவியை ஏற்பாரா மாட்டாரா என்று இழுபறியாக எழுதிய ஒரு பத்தியை வாசிக்கக் கொடுத்துவிட்டு, ‘வாஷிங்டன்தான் முதல் ஜனாதிபதி, சரியா தப்பா?’ என்று கேட்டார். சரி என்று சொல்ல ஆட்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. கதைக்குள் இருக்கும்போது, கதைக்கு வெளியே நமக்குத் தெரிந்தது உடனே கைக்கு வருவதில்லை. கெரிக் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது: வாழ்க்கையில் எந்தச் சம்பவமும் அச்சு அசலாக இரண்டாம் தடவை நடப்பதில்லை, எனவே கண்முன் நடப்பதைப் புதிது என்று எடுத்துக்கொள்வதே மனத்தின் பழக்கம்.

கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்தச் சோதனையே தேவைப்படாது. நள்ளிரவில் வீசுகோல் வில்லில் விழுந்து, குடமும் உடுக்கும் ஏறும்போது, சாமியாகப்போகிற அந்த மனுஷன் எப்படிச் செத்தான் என்பது பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். வெட்டு விழும் இடம் வரும்போது முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவை முன்னாலேயே சொன்னால் ரசனை கெடும் என்று நம்புகிறோமே, அதுவும் அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முடிவு தெரிந்து சிறுகதை வாசித்தவர்கள் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பின்னால் வேறு சிலர் செய்த ஆய்வில் நேர்மாறாகவும் வந்தது. ஆகவே இதை வைத்துக்கொண்டு, மாமன் மகனிடம் சினிமா முடிவை உடைத்துவிட்டு அறிவியலைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இசை ஆய்வு ஒன்றில் ஒரு தடயம் உண்டு. 2011-ல் மான்ட்ரியலில் வலோரி சலிம்பூரும் குழுவும், பாட்டுக் கேட்டால் மெய்சிலிர்க்கும் ஆட்களைத் தேடிப்பிடித்து, அவர்களுக்கே பிடித்த, பலதடவை கேட்டுப் பழகிய இசையைப் போட்டு மூளையைப் படமெடுத்தார்கள். சிலிர்க்கும் கணத்தில், இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. அந்தக் கணம் நெருங்கும்போதே, மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கியிருந்தது. ‘இதோ வரப்போகிறது’ என்பதற்கே ஒரு பங்கு இனிப்பு. கதைக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், 30-ம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் நான் ஒரு தடவை நிறுத்தி, சாயா போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருவது எதற்கு என்று எனக்கு இப்போது புரிகிறது.

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கதை எனக்குத் தெரியும், தெரியும் என்கிறேன். எவ்வளவு தெரியும்?

அந்தப் பைண்டு புத்தகத்தில் 23-ம் அத்தியாயம் கிடையாது. அந்த வார இதழை வாசிக்க வாங்கிப்போன யாரோ திருப்பித் தரவே இல்லையாம். 22-ஐ முடித்ததும் நான் அடுக்களைக்குப் போவேன். அம்மை தேங்காய் துருவிக்கொண்டே அந்த வாரக் கதையைச் சொல்வாள். இரவில் கிணற்றடி, அத்தை கையில் அரிக்கேன் விளக்கு, கயிறு அறுந்து வாளி உள்ளே விழும் சத்தம். அந்த அத்தியாயத்துக்கு வரைந்த படம்கூட எனக்கு நினைவிருந்தது: விளக்கு வெளிச்சம் அத்தையின் தாடையில் கீழிருந்து மேலாக விழும். இல்லாத பக்கத்தில் இருந்த படம்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நூலகத்தில் அந்த இதழின் பழைய தொகுப்பு கிடைத்தது. 23-ம் அத்தியாயம் முழுக்கக் கோர்ட்டில் நடக்கிறது. கிணறு இல்லை. விளக்கு இல்லை. அத்தையே வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்து வந்து அம்மையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, “அவனுவ பொறவு மாத்தி அச்சடிச்சிருப்பானுவ” என்றாள்.

கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-ல் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை அவர் ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, பிறகு பல இடைவெளிகளில் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். தங்களுக்குப் புரியாத ஆவிச் சமாசாரங்களை ஆட்கள் நைசாகக் கழற்றிவிட்டார்கள். பழங்குடிகளின் ஓடம் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனவர்கள் ஆனார்கள். நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த துணி இல்லை; ஒவ்வொரு தடவையும் இருக்கிற நூலை வைத்துப் புதிதாக நெய்வது. அம்மை வருஷா வருஷம் நெய்தாள், கிணற்றைச் சேர்த்தாள்; நான் படம் வரைந்துகொண்டேன்.

சொற்கள் இன்னும் வேகமாகப் போய்விடும். ஜாக்குலின் சாக்ஸ் 1967-ல் காட்டியது இது: ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு மேலும் 80 அசை கடந்தாலே போதும், அதன் சொல்லமைப்பை மாற்றிச் சொன்னால் பெரும்பாலும் நாம் கண்டுபிடிப்பதில்லை, பொருளை மாற்றினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவோம். அரை நிமிஷ சமாசாரம். கதை தெரியும் என்று சொல்லும்போது நம் கையில் இருப்பது எலும்புக்கூடு. சதையை ஒவ்வொரு டிசம்பரிலும் புதிதாகத்தான் வாசிக்கிறோம்.

அப்படியானால் சென்னையிலேயே வாசிக்கலாமே? ஒரு தடவை எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஏறவில்லை. காட்சியும் இடமும் நினைவோடு சேர்ந்தே பதிகின்றன என்பதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் உதாரணம் 1975-ல் ஸ்காட்லாந்தில் காடனும் பாட்லியும் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்தது. தண்ணீருக்கடியில் மனப்பாடம் செய்த சொற்கள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன. கரையில் கற்றவை கரையில். சமீபத்தில் அதைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. ஆகவே அந்த ஒரு சோதனையின் மேல் நான் ரொம்பப் பாரம் ஏற்ற மாட்டேன்.

வாசனையைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். மற்ற புலன்களின் செய்தி தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மேலே போகும். மூக்கின் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. அந்தப் பைண்டைத் திறந்ததும் வரும் வாடையில் என்ன இருக்கிறது? மலிவான இதழ்த் தாளில், மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் நிறைய இருக்கும். அதனால்தான் சீக்கிரம் மஞ்சளாகிறது. லிக்னினும், தாளின் நாரான செல்லுலோசும் வருஷக்கணக்கில் சிதையும்போது எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் கிளம்புகின்றன. செல்லுலோசிலிருந்து வரும் ஃபர்ஃபுரலுக்குப் பாதாம் சாயல். லிக்னினிலிருந்து வருவதில் ஒன்று வெனிலின். வெனிலா எசன்ஸில் இருக்கும் அதே பொருள். ஒரு காலத்தில் காகித ஆலைக் கழிவு லிக்னினிலிருந்தே அதைத் தொழிற்சாலைகளில் தயாரித்தார்கள். எதிர்வீட்டு மாமி கேக்குக்கு எசன்ஸ் ஊற்றும் அதே வாரத்தில் நான் இந்தப் புத்தகத்தை முகர்ந்துகொண்டிருக்கிறேன். என் மூக்கில் கிறிஸ்துமஸும் அந்தக் கதையும் ஒட்டிக்கொண்டதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு மூலக்கூறாக இருக்கலாம். மீதிப் பாதி, எங்கள் ஊர் ஈரம் வளர்க்கும் பூஞ்சை.

பழகிய கதைமாந்தர்கள் தனிமையைத் தணிக்கிறார்கள் என்றும் ஆய்வு உண்டு. டெரிக், கேப்ரியல், ஹூகன்பெர்க் மூவரும் 2009-ல் இதைத் தொலைக்காட்சித் தொடர்களை வைத்துக் காட்டினார்கள். புத்தகத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். மூன்று நாள் மழையில் கரண்டும் போய்க் கிடக்கும் வீட்டில் சாவிக்கொத்து அத்தையும் ஒரு ஆள்தான்.

ஜெராக்ஸை நடுவில் வைத்துத் தைத்துவிடலாம் என்று இந்தத் தடவை ஊசியும் நூலும் எடுத்தேன். அம்மை விடவில்லை. அது இப்போதும் பின்னட்டைக்குள் நாலாக மடித்துக் கிடக்கிறது. 22-ஐ முடித்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கிணற்றடியிலிருந்து ஆரம்பித்தாள்.