துளி முந்தும் அடி

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் கைலித் தறி ஓடும். இரண்டு தறியின் சத்தமும் சிறிது நேரம் சேர்ந்தே நடக்கும். பிறகு ஒன்று மெல்ல முந்தும், இன்னொன்று பின்தங்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, வேலூர் பஸ்ஸில் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' ஆல்பத்தை முதலில் கேட்டபோது எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து அது என் காதை விட்டுப் போகவில்லை.

டில்லா அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர், ஹிப் ஹாப் இசைத் தயாரிப்பாளர். 'டோனட்ஸ்' 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32வது பிறந்தநாளில் வெளிவந்தது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். 31 சிறு துண்டுகள். ராப் பாட ஆளே இல்லை. பழைய பாடல்களை வெட்டி, மாற்றி ஒட்டியே எல்லாம் பேசுகிறது.

அவருடைய தாளம் ஏன் தள்ளாடுகிற மாதிரியும், அதே சமயம் இவ்வளவு சுகமாகவும் இருக்கிறது? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அவர் நெடுநாள் பயன்படுத்தியது அகாய் எம்பிசி 3000. 16 சதுர ரப்பர் பொத்தான்கள் உள்ள கருவி. பொத்தானைத் தட்டினால் அதில் ஏற்றி வைத்த ஒலி கேட்கும். நாம் கொஞ்சம் தப்பித் தட்டினாலும் அது அருகிலுள்ள சரியான இடத்துக்கு அடியை இழுத்து வைத்துவிடும். இதற்குக் குவான்டைஸ் என்று பெயர். தாளத்தின் ஒரு தட்டை, அதாவது ஒரு பீட்டை, அது 96 பங்காகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் ஒரு தட்டு 667 மில்லி விநாடி, ஒரு பங்கு சுமார் 7 மில்லி விநாடி.

7 மில்லி விநாடி எவ்வளவு சின்னது? கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைக்காரரிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றால், அவர் கை விழுந்து சுமார் 29 மில்லி விநாடி கழித்துத்தான் சத்தம் நம் காதுக்கு வரும். 7 மில்லி விநாடியில் ஒலி கடப்பது இரண்டரை மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு நுண்ணிய இடைவெளிகளோடுதான் டில்லா விளையாடினார். சில ஒலிகளைக் குவான்டைஸ் இல்லாமல் கையாலேயே தட்டுவார். சிலவற்றை வேண்டுமென்றே சில பங்கு நகர்த்துவார். ஸ்நேர் (டிரம்ஸில் 'சட்'டென்று ஒலிக்கும் சிறு முரசு) துளி முந்தி விழுந்தால், அதற்குப் பின் வரும் கிக் (காலால் அடிக்கும் பெரிய முரசு) தாமதமானதுபோலக் காதுக்குத் தோன்றும்.

இதைவிட அழகான இன்னொரு வேலையும் உண்டு, நம் தாளச் சொற்களிலேயே சொல்லலாம். அதே 90 வேகத்தில் அரைத் தட்டு 333 மில்லி விநாடி. அதற்குள் இரண்டு அடிகளைச் சமமாக வைத்தால் 167, 167. அது சதுசிரம். அரைத் தட்டை மூன்றாகப் பிரித்து, முதல் அடிக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுத்தால் 222, 111. திஸ்ர நடை வந்துவிடும். பொதுவாக ஒரு பாட்டில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். டில்லா ஒரு ஒலியைச் சமமாகவும் இன்னொன்றைத் திஸ்ரத்தின் பக்கம் சாய்த்தும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். அடுத்தடுத்த வீட்டுத் தறிகளேதான்!

'டோனட்ஸ்' ஆல்பத்தில் தனியாக அடித்த டிரம்ஸைவிட வெட்டு வேலைதான் அதிகம். ஒலியைப் பதிந்து வைத்து வாசிக்கும் இந்த மாதிரிக் கருவிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். அது ஒலியை எண்களாகச் சேமிக்கிறது. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றை ஒன்றரை மடங்கு வேகமாக வாசித்தால் நான்கு விநாடித் துண்டு இரண்டே முக்கால் விநாடிக்கும் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும். கூடவே சுருதியும் ஏறி, ஸட்ஜம் பஞ்சமமாகிவிடும். பழைய சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகை) பாடகரின் குரல் குழந்தைக் குரலாகக் கேட்பது இப்படித்தான். அப்புறம், எங்கே வெட்டுவது என்பது. பாடகர் சொல்லை முடிக்கும் முன்பே வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், மனம் மீதிச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்பையே அவர் தாளமாக்கிவிடுகிறார். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடங்களில் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆல்பத்தின் முதல் துண்டுக்கு அவர் வைத்த பெயர் 'அவுட்ரோ', அதாவது முடிவிசை. காட்பாடி பாலத்து நெரிசலில் பஸ் நிற்கும்போது கடைசித் துண்டு முடியும். நான் மறுபடியும் அந்த முடிவிசையைப் போடுவேன்.