ஒற்றைத் தலைவலி: பரம்பரையா, புகையா?

வடசென்னையின் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து ஒற்றைத் தலைவலியுடன் (மைக்ரேன்) என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர், எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிப் புகையும் மணலித் தொழிற்சாலைகளின் நெடியும்தான் தங்கள் நோய்க்குக் காரணம் என்று முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். புகை குற்றமற்றது என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் அதே தெருவில் அதே காற்றைச் சுவாசிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் இந்தத் தலைவலி வருவதில்லை என்பதற்குப் புகையிடம் விடை கிடையாது.

இரட்டையர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி, இந்நோய் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருப்பதில் ஏறத்தாழ பாதிப் பங்கு பரம்பரையைச் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, இந்நோயுடன் தொடர்புடைய 123 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டறிந்தது. அவை ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனையில் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. தலைவலியோடு உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும் அரிய குடும்பவழி வகையில் மட்டும், பெரும்பாலும் ஒற்றை மரபணுப் பிறழ்வே நோய்க்குப் போதுமானதாகிறது.

"வீட்டில் வேறு யாருக்காவது மைக்ரேன் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். "அம்மா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள், சைனஸ், பித்தம், கண் பவர் என்ற பெயர்களில் மூன்று தலைமுறைத் தலைவலி வெளியே வரும்.

மரபு தருவது எளிதில் தூண்டப்படும் மூளையை; அதைத் தூண்டுவது பெரும்பாலும் அன்றாட ஒழுங்கு குலைவதே. காசிமேட்டு மீன் ஏலத்துக்காக நள்ளிரவில் எழுபவர்களுக்கும், தொழிற்சாலைகளில் வாரந்தோறும் ஷிப்ட் மாறுபவர்களுக்கும் தூக்கம் சிதறுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பதினோரு மணி வரை டீயிலேயே காலத்தை ஓட்டும் பெண்களுக்கு உணவு தவறுகிறது. பெண்களுக்கு மாதவிடாயையொட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

நெடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளிலிருந்தே, மூளையில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மீது ஆசை, வாசனையும் வெளிச்சமும் தாங்காமை ஆகியவை அப்போது தோன்றலாம். ஆகவே அன்றைக்கு டீசல் நெடி பொறுக்க முடியாமல் போனது தலைவலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், ஏற்கெனவே தொடங்கிவிட்ட தாக்குதலின் அறிகுறியாகவும் இருக்கலாம். தூக்கம், உணவு, மாதவிடாய், வலி வந்த நேரம் ஆகியவற்றை இரண்டு மூன்று மாதங்கள் ஒரு நோட்டில் குறித்து வந்தால்தான் இது ஓரளவு பிரியும்.

மாத்திரைக் கணக்கையும் அதே நோட்டில் எழுதச் சொல்கிறேன். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால், அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்க்கக்கூடும். இந்த நிலையை அடைந்தவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் இன்னும் வலுவான மாத்திரை கேட்பது உதவாது. தலைவலி வராமல் தடுக்கும் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

திடீரென உச்சத்தில் தொடங்கும் வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவை இருந்தால் பரம்பரையையும் புகையையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.